பூஜ்யம் போட்டவருக்கு

தார்வாட்
21 மே 1994

சௌபாக்கியவதி நீலாம்பிகாவுக்கு ஆசீர்வாதங்கள்.

இங்கே நான் நலம். உன் அண்ணன் சங்கப்பா வீட்டில் எல்லாரும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

பத்தாம் வகுப்பு முடிவுகள் இன்று பேப்பரில் வந்துவிட்டன. உன் தேர்வு எண்ணை மூன்று முறை தேடினேன். இல்லை. அங்கே குளேதகுட்டாவில் உன் அண்ணன் வீட்டில் பேப்பர் வாங்குவதில்லை என்பதால் நானே முதலில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மனம் தளராதே. முப்பத்தேழு வயதில் உட்கார்ந்து எழுதியதே பெரிய காரியம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளே கணக்கில் கவிழ்கிறார்கள்.

உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று ஒரு விஷயம் சொல்கிறேன். உனக்குப் பெருமையாகக்கூட இருக்கும். இந்த வருடம் உங்கள் பிஜாப்பூர் மாவட்டத்துக் கணக்குத் தாள்கள் நாங்கள் திருத்தும் முகாமுக்கு வந்தன. கடைசி நாளுக்கு முந்தைய நாள் எனக்குக் கொடுத்த தாள்கட்டுக்குள் உன் தாள் இருந்தது. எண்ணை மறைத்திருந்தால் என்ன, இருபத்தோரு வருடமாக மளிகைச் சீட்டில் பார்க்கிற கையெழுத்து எனக்குத் தெரியாதா? முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

என் சொந்த மனைவி என்பதற்காக ஒரு மார்க்கூடக் கூட்டிப் போடவில்லை. மொத்தம் முப்பத்து மூன்று வந்தது. தேர்ச்சிக்கு இரண்டு குறைவு. வேறு யாராக இருந்தாலும் எங்காவது இரண்டைத் தட்டிப் போட்டிருப்பார்கள். நான் போடவில்லை. அந்த 5x – 8 = 2x + 19 கணக்கில் விடை சரிதான், ஆனால் முறை இல்லை. வாக்கியம் வாக்கியமாக ஏதோ கதை எழுதியிருந்தாய். அதற்குப் பூஜ்யம்.

செப்டம்பரில் மறுபடி எழுதலாம். முறைப்படி நானே சொல்லித் தருகிறேன். குக்கரில் ஆவி நிற்கவில்லை, எதனால் என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
ஈரப்பா முனவள்ளி

•

குளேதகுட்டா
25 மே 1994

கணக்கு மாஸ்டருக்கு,

உங்கள் கடிதமும் என் மார்க் அட்டையும் ஒரே நாளில் வந்தன. கன்னடம் 61. சமூகம் 54. விஞ்ஞானம் 48. இந்தி, ஆங்கிலம்கூடக் கரையேறிவிட்டன. கணக்கு 33. அட்டையைப் பார்த்தபோது அழுகை வந்தது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அழுகை நின்றுவிட்டது. அந்த உபகாரத்துக்கு நன்றி.

எனக்குப் பெருமையாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வாயால் இதைச் சொல்கிறீர்கள்?

நான் ஏன் தார்வாடில் எழுதாமல் நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்து அண்ணன் வீட்டு விலாசத்தில் மனுப் போட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். தார்வாடில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் உங்களைத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். நான் தேறினால் "முனவள்ளி ஸார் பெண்டாட்டி, அதான் தேறிட்டா" என்பார்கள். அந்தப் பேச்சு வரக்கூடாது என்றுதான் இரண்டு மாதம் தறி ஓடும் வீட்டில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தேன். உங்கள் மனைவியாக இல்லாமல் ஒரே ஒரு காரியம் செய்ய ஆசைப்பட்டேன். நீங்கள் முதல் பக்கத்திலேயே என்னை உங்கள் மனைவி ஆக்கிவிட்டீர்கள்.

கதை எழுதினேன் என்கிறீர்களே, என்ன கதை என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. இப்படித்தான் எழுதினேன்:

"x ஐ 5 என்று வைத்தேன். இடது பக்கம் 17, வலது பக்கம் 29. இடது பக்கம் 12 குறைகிறது. 6 என்று வைத்தேன். இடது 22, வலது 31. இப்போது 9 குறைகிறது. ஒன்று கூட்டினால் குறை மூன்று அடைகிறது. இன்னும் 9 அடைய வேண்டும் என்றால் மூன்று கூட்ட வேண்டும். ஆகவே x = 9. சரிபார்த்தல்: இடது 37, வலது 37."

அங்கே ஹாஸ்டலில் அறுபது பெண்களுக்குப் பதினோரு வருடமாகச் சமைக்கிறேன். உப்பு குறைந்தால் ஒரு கரண்டி போட்டு, எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, இன்னும் எத்தனை கரண்டி என்று முடிவு செய்கிறவள் நான். என் தலை அப்படித்தான் ஓடும். இதில் எந்த வரி பொய்? எந்த வரி தப்பு?

இன்னொன்று கேட்கிறேன். அன்று உங்கள் கட்டுக்குள் எத்தனை தாள்? அதில் வழியே எழுதாமல் வெறும் x = 9 என்று எழுதியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு எத்தனை போட்டீர்கள்?

ஜூன் முப்பதுக்குள் தேர்ச்சி காட்டினால்தான் எனக்கு ஹாஸ்டல் பெண்களை மேற்பார்க்கும் மேட்ரன் வேலை. இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருத்தி வருவாள், நான் அவள் கீழே அடுப்படியிலேயே நிற்பேன். இது உங்களுக்குத் தெரியாதா?

நீலாம்பிகா

•

தார்வாட்
29 மே 1994

நீலாம்பிகாவுக்கு,

கோபத்தில் எழுதிய கடிதம் என்று எடுத்துக்கொள்கிறேன். கணவனுக்கு எழுதும் முறையா அது? உறைமேலும் "கணக்கு மாஸ்டருக்கு" என்று விலாசம் எழுதாத குறைதான்.

கேள்வியில் "தீர்க்க" என்று இருந்தது. தீர்ப்பது என்றால் அதற்கு ஒரு வழி உண்டு. x உள்ள உறுப்புகளை ஒரு பக்கம் கொண்டுவர வேண்டும், எண்களை மறு பக்கம் கொண்டுபோக வேண்டும். பக்கம் மாறினால் குறி மாறும். 5x – 2x = 19 + 8. 3x = 27. x = 9. மூன்று வரி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு மார்க் என்று எங்களுக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தை வைத்தேன், ஆறை வைத்தேன் என்று எழுத அது சந்தையா?

வெறும் விடை எழுதியவர்களைப் பற்றிக் கேட்டாய். கடைசி வரிக்கு ஒரு மார்க் உண்டு. அதைப் போட்டேன். உன் தாளில் அதைப் போடாதது சற்றுக் கடுமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போட்டிருந்தாலும் முப்பத்து நான்குதான். தேர்ச்சி இல்லை. ஆகவே இதில் சண்டைக்கு இடமில்லை.

சொந்தக்காரர் தாள் வந்தால் முகாம் தலைவர் தேசாயி ஸாரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அதை நீ எங்காவது கேள்விப்பட்டு எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நேரமில்லை. ஒரு நாளைக்கு நாற்பது தாள். தாள்கட்டை மாற்ற வேண்டும், ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், வெயில் வேறு. அதனால் நானே திருத்திவிட்டேன். நேர்மையாகத்தான் திருத்தினேன்.

மகள் மகானந்தா கதகிலிருந்து எழுதியிருக்கிறாள். "அம்மா எப்போ வர்றா?" என்று கேட்கிறாள். நானும் அதையே கேட்கிறேன். கானாவளிச் சாப்பாட்டுக் கடை ரொட்டி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஈரப்பா

•

குளேதகுட்டா
4 ஜூன் 1994

நேரமில்லாதவருக்கு,

பக்கம் மாறினால் குறி மாறும். ஜனவரியில் நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தது நினைவிருக்கிறதா? "ஏங்க, ஏன் மாறுது?" என்று கேட்டேன். "அது விதி. கேள்வி கேட்காம மனப்பாடம் பண்ணு" என்றீர்கள். பேப்பரிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. நானே அடுப்படியில் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். எதுவும் எங்கும் போவதில்லை. இரண்டு பக்கமும் சமம். சமமானதிலிருந்து இரண்டு பக்கமும் 2x எடுத்தால் மிச்சமும் சமம். வலது பக்கம் இருந்த 2x தீர்ந்துபோகிறது, இடது பக்கம் 2x குறைகிறது. அவ்வளவுதான். அதைப் பார்க்கிறவனுக்கு ஏதோ ஒன்று தாண்டிப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டதுபோலத் தெரிகிறது. இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகளிடம் "அது விதி" என்று சொல்லியிருப்பீர்கள்? அவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

ஏன் என்று தெரிந்தும் தேர்வில் நான் அந்த வழியில் எழுதவில்லை. பயமாக இருந்தது. அடுப்படியில் பழகிய வழியில் போனேன். அது என் குற்றம் என்றால் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் சங்கப்பா போன வாரம் ரவிக்கைத் துணி விற்கத் தார்வாட் வந்தார். உங்கள் வாத்தியார் காலனிக்கும் போனார். சயின்ஸ் மாஸ்டர் வீட்டம்மா துணியைப் புரட்டிக்கொண்டே கேட்டாளாம்: "முனவள்ளி ஸார் வீட்டுக்காரம்மா உங்க தங்கச்சியா? அவங்க பி.யூ.சி. படிச்சவங்கல்ல? ஹாஸ்டல்ல ஆபீஸ் பாத்துக்கிறாங்கன்னு ஸார் சொல்லுவாரே."

"நீ என்ன சொன்னே அண்ணா?" என்று கேட்டேன்.

"நான் என்னத்தச் சொல்றது? துணிய மடிச்சேன், வந்துட்டேன். உன் புருஷன் சொன்ன பொய்ய நான் எதுக்கு என் வாயால ஒடைக்கணும்?" என்றார்.

நேரமில்லை, வெயில், ரிஜிஸ்டர். நன்றாக இருக்கிறது. அந்தத் தாளைத் தேசாயி ஸாரிடம் கொடுத்திருந்தால் நாற்பது வாத்தியார்கள் இருக்கிற அறையில் "இது என் மனைவி தாள்" என்று சொல்ல வேண்டியிருக்கும். மனைவி பத்தாவதே தேறவில்லை என்று தெரிந்துபோகும். அதற்குப் பயந்து என்னைப் பெயிலாக்கினீர்கள்.

நான் எட்டாவது படித்தவள். அடுப்படியில் வேலை பார்க்கிறவள். உங்கள் சம்பளம் மூன்று மாதம் நின்றபோது அந்த அடுப்படிதான் நம் வீட்டில் உலை வைத்தது. அதைச் சொல்ல உங்களுக்கு வெட்கம்.

தேசாயி ஸாரிடம் போய்ச் சொல்லுங்கள். வேறு ஒருவர் என் தாளைத் திருத்தட்டும். அதுவரை நான் தார்வாட் பஸ் ஏறமாட்டேன்.

நீலாம்பிகா

•

தார்வாட்
12 ஜூன் 1994

நீலா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நான்கு நாள் சும்மா இருந்தேன். பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறையும் கிழித்துப் போட்டேன். நேற்றுத் தேசாயி ஸார் வீட்டுக்குப் போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"வாங்க முனவள்ளி. லீவுல என்ன இந்தப் பக்கம்?" என்றார்.

"ஸார், முகாம்ல நான் திருத்தின ஒரு தாள்... அது என் மனைவியோடது ஸார்."

"மனைவியா? அவங்க பி.யூ.சி.ன்னு சொல்லியிருக்கீங்களே."

"இல்ல ஸார். எட்டாவது. ஹாஸ்டல்ல சமையல் வேலை."

இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வேர்த்துக் கொட்டியது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் வீட்டம்மா டீ கொண்டுவந்தார். அவரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

"சமைக்கிற பொம்பள பத்தாவது எழுதுறாங்கன்னா நீர் தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியணும்யா. அதுக்கு வெக்கப்பட்டீரா? தாளைத் திருப்பிக் கொடுக்கலியே, அதுக்கு வெக்கப்படும்," என்றார்.

நீ எழுதிய வழியைச் சொல்லிக் காட்டினேன். ஐந்து, ஆறு, குறை மூன்று அடைகிறது, எல்லாம். கொஞ்ச நேரம் விரலை மடக்கிப் பார்த்தார். "இதுக்கு என்ன போட்டீரு?"

"பூஜ்யம் ஸார்."

"அச்சடிச்ச தாள்ல கடைசி வரியப் படிச்சீரா? 'வேறு சரியான முறையில் தீர்த்திருந்தாலும் முழு மதிப்பெண்'ணு போட்டிருக்கே."

படிக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த வரி இருக்கிறது என்கிறார். நான் பத்து வருடமாக முகாமுக்குப் போகிறேன், ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கு மெமோ வரும். மூன்று வருடம் முகாமுக்குக் கூப்பிட மாட்டார்கள். உன் தாளை ஹூப்ளியில் ஒருவரிடம் கொடுத்து முழுவதும் திருத்தச் சொல்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் வந்துவிடும்.

ஈரப்பா

•

குளேதகுட்டா
16 ஜூன் 1994

உங்களுக்கு,

கடிதம் வந்தது. அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். "பரவால்லியே, வாயத் தொறந்துட்டாரே" என்றார். செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறீர்கள், அதற்கு ஆரத்தி எடுக்க முடியாது. ஆனால் தேசாயி ஸார் வீட்டம்மா டீயோடு நின்றதை எழுதினீர்கள் பாருங்கள், அதை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டேன்.

முப்பத்து மூன்றும் மூன்றும் முப்பத்தாறு. இதைக் கூட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஹாஸ்டல் வார்டனுக்கு முப்பதாம் தேதிக்குள் அட்டை கொண்டுவருகிறேன் என்று எழுதிவிட்டேன். பெண்களில் இரண்டு பேர் கார்டு போட்டிருக்கிறார்கள். "நீலாம்பிகா அக்கா, நீங்கதானே மேட்ரன்? சனிக்கிழமை எட்டு மணி வரைக்கும் வெளியே விடுவீங்கல்ல?" என்று. ஏழரைக்கு மேல் விடமாட்டேன்.

குக்கர் வாஷர் அடுப்படி அலமாரியில் மேல் தட்டில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது.

நீலாம்பிகா

•

தார்வாட்
25 ஜூன் 1994

நீலா,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

ஹூப்ளியிலிருந்து தாள் வந்துவிட்டது. அந்தக் கணக்குக்கு மூன்றுக்கு மூன்று போட்டிருக்கிறார்கள். ஓரத்தில் "நல்ல சிந்தனை" என்றுகூட எழுதியிருக்கிறார்கள். ஆனால் மொத்தம் முப்பத்து மூன்றுதான்.

பதினான்காவது கேள்வி, பிதாகரஸ் தேற்றம். நீ படம் வரைந்திருந்தாய், தேற்றத்தை எழுதியிருந்தாய், நிரூபணம் எழுதவில்லை. நான்கு மார்க் கேள்வி. சரியாகப் பார்த்தால் ஒன்று. நான் நான்கு போட்டிருந்தேன். இப்போது அதை ஒன்றாக ஆக்கிவிட்டார்கள்.

தாளைத் திறந்ததும் முதலில் வந்தது அந்தத் தேற்றம்தான். கோணமானி இல்லாமல் பரீட்சை அட்டையின் மூலையை வைத்துச் செங்கோணம் வரைந்திருந்தாய் என்று தெரிந்தது, கோடு அங்கே தடித்திருந்தது. நிரூபணத்துக்கு அரைப் பக்கம் இடம் விட்டு வைத்திருந்தாய், பிறகு வந்து எழுதலாம் என்று. என்னால் தாங்க முடியவில்லை. நான்கு போட்டுவிட்டேன். போட்ட பிறகு பயம் பிடித்துக்கொண்டது. யாராவது சரிபார்த்தால் மனைவிக்குக் கூட்டிப் போட்டான் என்பார்கள். இரண்டு பக்கம் தள்ளி அந்த x கணக்கு வந்தது. மூன்று மார்க். பூஜ்யம் போட்டேன். கூட்டின மூன்று கழிந்துவிட்டது, கணக்குச் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக அடுத்த தாளை எடுத்தேன்.

முதல் கடிதத்தில் ஒரு மார்க்கூடக் கூட்டிப் போடவில்லை என்று உனக்கு எழுதினேன். அது பொய். தேசாயி ஸாரிடமும் தேற்றத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஹூப்ளிக்காரர் கவனிக்காமல் விட்டுவிடுவார், உனக்கு முப்பத்தாறு வந்துவிடும் என்று ஆசைப்பட்டேன். நீ வார்டனுக்கு எழுதிவிட்டதாகச் சொன்ன பிறகாவது எச்சரித்திருக்க வேண்டும். செய்யவில்லை.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஈரப்பா

•

குளேதகுட்டா
29 ஜூன் 1994

பூஜ்யம் போட்டவருக்கு,

நிரூபணம் எழுதாத தேற்றத்துக்கு ஒரு மார்க் சரிதான். நான் படிக்காமல் போனது அது. முப்பத்து மூன்று என் மார்க். அதை வைத்து எனக்கு யார்மேலும் வழக்கு இல்லை. வார்டனுக்கு நேற்றே எழுதிவிட்டேன், அட்டை வராது, வேறு மேட்ரனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அந்த மூன்று வரியை எழுத எனக்கு முழுப் பகல் ஆயிற்று. நீங்கள் நடுவில் ஆசை காட்டாமல் இருந்திருந்தால் மே மாதமே எழுதி முடித்திருப்பேன்.

பூஜ்யத்துக்கு வந்த கோபம் எனக்கு ஆறிவிட்டது. ஒருவன் தன் வழியைத் தவிர வேறு வழி தெரியாமல் சரியானதைத் தப்பு என்றான். அப்படி மனிதர்கள் இருக்கிறார்கள், போகட்டும். ஆறாதது அந்த நான்கு மார்க்தான். வெற்று இடத்தைப் பார்த்து, பாவம் நம் நீலா என்று போட்டீர்களே, அது. நான் எழுதாததற்கு மார்க் போட்டீர்கள், எழுதியதற்குப் போடவில்லை. இரண்டு இடத்திலும் என் தாளில் எழுதியிருந்ததை நீங்கள் படிக்கவே இல்லை.

கணக்குச் சரியாகிவிட்டது என்கிறீர்கள். கூட்டியதும் என் பக்கம், கழித்ததும் என் பக்கம். உங்கள் பக்கத்தில் ஒரு புள்ளிகூட அசையவில்லை. அது என்ன கணக்கு என்று உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

நாளை மறுநாள் தார்வாட் வருகிறேன். நம் வீட்டுக்கு அல்ல. ஹாஸ்டல் திறக்கிறது, சமையற்கட்டை ஒட்டின அறையில் தங்கிக்கொள்ளலாம் என்று வார்டன் முன்பே சொல்லியிருக்கிறார். புது மேட்ரன் வந்தால் வரட்டும், அவளுக்கும் நான்தான் சோறு போடுவேன். செப்டம்பரில் மறுபடி எழுதுகிறேன். இந்த முறை தார்வாடிலேயே எழுதுகிறேன்.

மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். நிரப்பிவிட்டேன். தொழில் என்ற இடத்தில் சமையல் என்று எழுதியிருக்கிறேன். படிப்பு என்ற இடத்தில் எட்டாம் வகுப்பு. கணவர் பெயர் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன், அதை உங்கள் கையால் எழுதுங்கள். தபாலில் அனுப்ப வேண்டாம். உங்கள் பள்ளிக்கூடத்து ஆபீஸ் ஜன்னலிலேயே வாங்குகிறார்கள். காலை பத்து மணிக்கு, எல்லா வாத்தியார்களும் கையெழுத்துப் போட வரிசையில் நிற்கிற நேரத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

"யாருக்கு ஸார் இது?" என்று குமாஸ்தா கேட்பார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாகச் சொல்லுங்கள்.

நீலாம்பிகா